கொலுசு கறுக்கும் அறை

மூன்றாவது டிஸ்க்கை மாட்டிவிட்டு வந்த ஒன்பதாம் நாள் போன் அடித்தது. "தம்பி, மறுபடியும் நீலமா வந்துடுச்சு" என்றார் மேனேஜர் பாய். குரலில் கோபமே இல்லை. மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

2012, ஐப்பசி மாதம். ஆம்பூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பாய் வேலை பார்த்தது ஊருக்கு வெளியே தோல் பதனிடும் ஒரு டேனரியில். கணக்கு அறையில் ஒரே ஒரு சிஸ்டம். டேலி, கூலிப் பட்டியல், எந்த லோடில் எத்தனை தோல் வந்தது, எத்தனை பாதி பதப்பட்ட வெட் ப்ளூவாகப் போனது, எல்லாம் அதில்தான். தை மாதம் அதன் ஹார்டு டிஸ்க் போனது. புதுசு போட்டேன். ஆனி, ஆடியில் அதுவும் தகராறு செய்தது. வாரண்டியில் மாற்றி வாங்கி வந்து போட்டேன். அதுவும் நிற்காமல், புரட்டாசிக் கடைசியில் கைக்காசு போட்டு மூன்றாவது. அதற்கு முந்தைய வருஷம் அக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து டிஸ்க் கம்பெனிகள் மூழ்கியதில், உலகம் முழுக்க விலை ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சந்தைக்கு வந்த காய்கறி மாதிரி தினம் ஒரு விலை சொன்னார்கள். அந்த நேரத்தில் மூன்று டிஸ்க் என்பது விளையாட்டில்லை.

அடையாளம் எல்லா முறையும் ஒன்றுதான். டிஸ்க் மாட்டி, ஓஎஸ் போட்டு, டேட்டா ஏற்றித் தருவேன். ஒரு வாரம் ஓடும். பிறகு டேலியில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே நீலத்திரை. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். இரண்டு நாள் கழித்து மறுபடியும். கடைசியில் டிஸ்க்கே இல்லை என்று சொல்லிக் கறுப்புத் திரையில் நின்றுவிடும்.

வேலூரில் டிவி ரிப்பேர் பார்த்த ஒருவரிடம்தான் நான் சாலிடரிங் அயர்ன் பிடிக்கக் கற்றேன். அவர் ஒன்று சொல்வார்: "ஃபியூஸ் போச்சுன்னா ஃபியூஸ மாத்தாத. அது ஏன் போச்சுன்னு பாரு." டிவியில் அதைப் பிடித்துக்கொண்டேன். கம்ப்யூட்டருக்கு வந்ததும் மறந்துவிட்டேன். டிஸ்க் போனால் டிஸ்க்கை மாற்று. மாற்றியபின் தகராறு என்றால் புது டிஸ்க்தான் சரியில்லை. வீட்டில் எது நடந்தாலும் நேற்று வந்த மருமகள்மேல் பழி போடுகிற கதை. எங்கள் தொழிலில் முக்கால்வாசிப் பேர் இன்றைக்கும் இப்படித்தான் ஓட்டுகிறோம்.

அப்படி ஓட்டியதில் நான் பட்டது ஒன்று உண்டு. 2005. வாணியம்பாடியில் ஒரு கல்யாண ஸ்டுடியோ. நாற்பது ஜிபி டிஸ்க் நிரம்பிவிட்டது என்று 160 ஜிபி கேட்டார்கள். ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னை போய் வாங்கி வந்து, என் கடை மெஷினில் மாட்டி, முழு 160-ஐயும் ஒரே பார்ட்டிஷனாகப் பிரித்து, பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே கோஸ்ட் போட்டுக் கொடுத்தேன். ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை. முகூர்த்தச் சீசன் முடிகிற சமயம் ஒரு காலையில் மெஷின் எழவேயில்லை. திறந்து பார்த்தால் ஃபோல்டர் பெயர்கள் எல்லாம் கட்டம் கட்டமாக, படிக்க முடியாத எழுத்துகள்.

என் கடை மெஷினில் இருந்தது சர்வீஸ் பேக் ஏற்றிய எக்ஸ்பி. ஸ்டுடியோ மெஷினில் இருந்தது முதன்முதலில் வந்த மொட்டை எக்ஸ்பி. அது டிஸ்க்கில் இடத்தை எண்ண 28 பிட் மட்டுமே வைத்திருந்தது. 28 பிட்டில் 26,84,35,456 வரைதான் எண்ண முடியும். ஒவ்வொன்றும் 512 பைட். கணக்குப் போட்டால் 137 ஜிபியோடு எண்ணிக்கை தீர்ந்துவிடும். அதற்கு அப்பால் எழுதச் சொன்னால்? பழைய ஸ்கூட்டரில் ஐந்து இலக்க மீட்டர் 99,999-ஐத் தாண்டினால் என்ன காட்டுமோ அதுதான். திரும்பவும் சைபர். டிஸ்க்கின் தலைப்பக்கம் போய், விண்டோஸ் உட்கார்ந்திருக்கிற இடத்தின் மேலேயே யாரோ ஒரு மணப்பெண்ணின் படத்தை எழுதிவிட்டது. என் மெஷினில் பிரித்ததால் இடம் 160 என்று காட்டியது. அதை நம்பி எழுதியது எண்ணத் தெரியாத எக்ஸ்பி.

இராப்பகலாக உட்கார்ந்து மீட்டதில் பெரும்பாலானவை வந்தன. இரண்டு கல்யாணம் போனது போனதுதான். டிஸ்க் கெட்டுவிட்டது என்று சொல்லியிருந்தால் ஸ்டுடியோக்காரர் நம்பியிருப்பார். அதுவரை நானே அப்படிச் சொல்லி எத்தனையோ முறை தப்பித்தவன்தான். அன்றைக்கு ஏனோ வாய் வரவில்லை. ஒரு பெண் வீட்டுக்கு அவரோடு நானும் போய் நின்றேன். அந்த அம்மா காபி கொடுத்தார்கள். அதைக் குடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மற்றவை எல்லாம் சில்லறை. டிஸ்க் மாற்ற மெஷினைக் கழற்றும்போது பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால் பயாஸ் தன் பழைய புத்திக்குப் போய்விடும். சாட்டா அமைப்பு மாறி, விண்டோஸ் பாதி எழுந்து 7பி என்று நீலம் காட்டும். அதற்கு டிஸ்க்கைக் குறை சொல்லி ஃபார்மட் அடித்தவர்கள் எத்தனையோ பேர். பெட்டிமேல் 450 வாட் என்று அச்சடித்த எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை, மீட்டர் வைத்தால் 12 வோல்ட் லைனில் 11.1 காட்டும். ஐந்து சதவீதம் வரை இறங்கலாம், அதாவது 11.4. அதற்கும் கீழே போனால் மோட்டார் சுற்ற ஆரம்பிக்கும்போதே மூச்சுத் திணறும். ஒரு ஷூ கம்பெனியில் வெளிநாட்டு பையர் ஆடிட் வருகிறார் என்று கண்ணில் பட்ட சாமான் மேலெல்லாம் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஹார்டு டிஸ்க்கையும் விடவில்லை. 'இந்தத் துளையை மூடாதே' என்று எழுதியிருக்குமே, சரியாக அதன் மேல். உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக இருக்க அந்தத் துளை ஒன்றுதான் வழி. உரித்து எடுத்தேன்.

டேனரிக்கு வருகிறேன். அந்த வருஷம் கரண்ட் பாதி நாள் இருக்காது. ஜெனரேட்டர் ஓடும், நிற்கும், பக்கத்திலேயே தோல் டிரம் சுற்றும் பெரிய மோட்டார் எடுக்கும்போது லைட் மங்கும். அதனால் முதல் சந்தேகம் கரண்ட் மேல். யுபிஎஸ் பேட்டரி மாற்றியாயிற்று. எஸ்எம்பிஎஸ் மாற்றியாயிற்று. எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி, உப்பும் கரியும் போட்டு, அளந்தும் பார்த்தாயிற்று.

ஒன்பதாம் நாள் போனபோது, ஃபார்மட் சிடியை வண்டிப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, டிஸ்க் தானே எழுதி வைக்கிற நாட்குறிப்பைத் திறந்தேன். ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். வரிசையாக எண்கள் இருக்கும்; எல்லாம் பார்க்க வேண்டியதில்லை. 05 என்ற வரி, டிஸ்க் தன் மேல் கெட்டுப்போன இடத்தை எத்தனை முறை ஒதுக்கியது என்று சொல்லும். சி5, சந்தேகத்தில் நிறுத்தி வைத்திருக்கும் இடங்கள். இரண்டிலும் சைபர். சி7-இல் மட்டும் 346.

சி7 டிஸ்க்கின் வியாதி அல்ல. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே வழியில் டேட்டா சிதைந்த எண்ணிக்கை அது. தபால்காரர் வீடு வரை வருகிறார், கடிதம் நனைந்து வருகிறது. கேபிளைக் கழற்றிப் புதுசு போட்டேன். எண்ணிக்கை 346-லேயே நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம். பாய் இரண்டு பிளேட் பிரியாணி வாங்கி அனுப்பினார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் போய்ப் பார்த்தேன். 351. மறுநாள் 402.

அன்றைக்குச் சாயந்தரம் கடைக்கு வந்து, தை மாதம் செத்த முதல் டிஸ்க்கை அலமாரியிலிருந்து எடுத்தேன். வாரண்டி முடிந்தது என்று தூக்கிப் போட்டு வைத்திருந்தது. அடியில் பச்சை போர்டு ஒன்று இருக்குமே, அதை நட்சத்திர ஸ்குரூ ஆறைக் கழற்றித் திருப்பினேன். உள்ளே இருக்கிற தலைக்கும் மோட்டாருக்கும் போர்டிலிருந்து கம்பி போகாது; போர்டில் சின்னச் சின்னப் பட்டைகள் இருக்கும், உள்ளிருந்து வரும் ஊசிகள் அவற்றின்மேல் அழுந்தி நிற்கும். பளபளவென்று இருக்க வேண்டிய அந்தப் பட்டைகள் கறிவேப்பிலையை எண்ணெயில் தீய விட்ட மாதிரி இருந்தன. ஊசி அழுந்திய புள்ளியைச் சுற்றி வட்டமாகக் கறுப்பு.

பையனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து நடராஜ் ரப்பர் எடுத்துத் தேய்த்தேன். மெதுவாகத்தான் தேய்க்க வேண்டும், அழுத்தினால் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, போர்டை மாட்டி, கரண்ட் கொடுத்தேன். சுற்றியது. தை மாதக் கூலிப் பட்டியல் அப்படியே வந்து நின்றது. டிஸ்க் டெட் என்று பில் புத்தகத்தில் என் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன் பாய்க்கு.

ரப்பர் எனக்குப் புதிதல்ல. சிஸ்டம் பீப் அடித்தால் ராமைக் கழற்றி ரப்பர் போட்டுத் தேய்த்து மாட்டுவது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் முதல் வைத்தியம். ஆனால் திருவண்ணாமலைப் பக்கம் கடை வைத்திருந்த என் சேக்காளி வருஷத்துக்கு ஒரு ரப்பர் வாங்குவான். எனக்கு மாதம் ஒன்று ஆகும். ஒன்பது வருஷமாக இதைக் கேலி பேசிக்கொண்டிருந்தோமே தவிர ஏன் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

மறுநாள் டேனரியில் மதர்போர்டைப் பிரித்துப் போட்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். கணக்கு எழுதுகிற பெண் பக்கத்தில் நின்று, "இன்னாண்ணா, இதுவும் கறுத்துப் போச்சா?" என்றாள்.

"எதுவும்னா? வேற என்னம்மா கறுத்துச்சு?"

"என் கொலுசுண்ணா. வேலூர்ல வாங்கி ரெண்டு மாசம் ஆகல. வெள்ளியே இல்ல, ஏமாத்திட்டான்னு அம்மா திட்டுறாங்க. லீவுல ஊருக்குப் போனா அப்படியேதான் கீது, இங்க வந்தாதான் கறுக்குது."

கொலுசைப் பார்த்தேன். போர்டைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பதினைந்தடி தூரத்தில் கழிவுத் தொட்டி.

டேனரி ஊரில் பிறந்தவனுக்கு நாற்றம் நாற்றமாகவே தெரியாது என்பது ஒரு வசதி. எனக்கு அதுவே கண்ணை மறைத்தது. தோலிலிருந்து ரோமம் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுவார்கள். அந்தத் தண்ணீர் காரமாக இருக்கும்வரை சல்பைடு அடங்கி இருக்கும். பிறகு வரும் ஒரு கட்டம் பிக்கிள். அதில் உப்பும் கந்தக அமிலமும். இந்தத் தண்ணீரும் அந்தத் தண்ணீரும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அழுகிய முட்டை வாடையோடு ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். வெள்ளியைத் தொட்டால் வெள்ளி கறுக்கும். செம்பைத் தொட்டால் செம்பு கறுக்கும். கம்ப்யூட்டர் போர்டு என்பது செம்பு. அதன்மேல் தங்கமோ வெள்ளியோ மயிரிழையிலும் மெல்லிய பூச்சு. ஐரோப்பாவில் 2006 ஜூலையிலிருந்து ஈயம் கூடாது என்று சட்டம் வந்ததில் பல போர்டுகள் ஈயப் பூச்சை விட்டு வெள்ளிக்கு மாறின. பழைய போர்டுகள் எங்கள் ஊர்க் காற்றைத் தாங்கியதும் புதுசுகள் மடமடவென்று விழுந்ததும் அதனால்தான். 'அந்தக் காலத்து மெஷின் மாதிரி வருமா' என்று கஸ்டமர்கள் சொன்னபோது நான் சிரித்திருக்கிறேன்.

உப்பும் இதில் கூட்டாளி. பச்சைத் தோல் உப்புப் போட்டுத்தான் வரும். உதறும்போது பறக்கிற தூள் ஃபேன் வழியாகப் பெட்டிக்குள் போய் உட்காரும். வெயிலில் சும்மா கிடக்கும். காற்றில் ஈரம் எழுபத்தைந்து சதவீதத்தைத் தொட்டால் உப்பு தானே தண்ணீர் குடித்துக் கசியும். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயிலில் ஓடுகிற சிஸ்டம் ஐப்பசி மழையில் படுத்துக்கொள்வதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

தெரிந்துவிட்டது, பாய்க்கு எப்படிச் சொல்வது? மூன்று டிஸ்க் விற்றவன் வந்து காற்றுமேல் பழி போட்டால் யார் கேட்பார்கள்? என் கடைக்குப் பக்கத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை. அங்கே செம்புக் கம்பி துண்டு மூன்று வாங்கி, வார்னிஷைச் சுரண்டிப் பளபளப்பாக்கினேன். ஒன்றைக் கணக்கு அறையில் மானிட்டருக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டேன். ஒன்றை மாடியில், முன்பக்கம், முடிந்த தோலைப் பையருக்குக் காட்டுகிற சாம்பிள் ரூமில். அது எப்போதும் மூடி, ஏசி ஓடுகிற அறை. மூன்றாவது என் கடையில்.

பெரிய டேட்டா சென்டர்களில் இதையே செம்புத் தகடு, வெள்ளித் தகடு வைத்துச் செய்கிறார்கள் என்று பின்னால் படித்தேன். மாதத்துக்குச் செம்பில் 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே அரித்தால் நல்ல காற்று. வாயுக் கணக்கில் நூறு கோடிப் பங்கு காற்றில் மூன்று பங்கு ஹைட்ரஜன் சல்பைடு என்பதே அவர்களுக்கு எல்லை. மனுஷ மூக்கு பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு இருந்தால், அதாவது அதைப்போல முப்பதாயிரம் மடங்குக்கு மேல், வாடையே தெரியாமல் மரத்துப் போகும். அதற்கும் மேலே ஏறினால் ஆளையே சாய்த்துவிடும். தொட்டிக்குள் இறங்கியவர்கள் ஏறி வராத கதை எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டேனரிக் கழிவால் கெட்ட பாலாற்றுத் தண்ணீருக்காக வழக்குப் போட்டு, 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, அதைச் சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் பாடமாக நடத்துகிறார்கள். தண்ணீர் கறுத்தது எல்லார் கண்ணிலும் பட்டது. காற்று கெட்டதை நான் பார்த்தது ஒரு கொலுசில்.

மூன்று வாரம் கழித்து மூன்று கம்பியையும் ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டினேன். என் கடைக் கம்பி மங்கியிருந்தது, அவ்வளவுதான். மாடிக் கம்பி லேசான பழுப்பு. கணக்கு அறைக் கம்பியைத் தொட்டால் விரலில் கரி ஒட்டியது.

பாய் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, எனக்குப் புரியுது. பையர் வர்ற ரூம்ல கணக்கு மேஜையப் போட முதலாளி ஒத்துக்குவாரா? நீயே வந்து சொல்லு." போனோம். முதலாளி வயதானவர், அதிகம் பேசமாட்டார். நான் சி7, 346 என்று என்னென்னவோ சொன்னேன். அவர் காதில் எதுவும் ஏறின மாதிரி தெரியவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர், வலது கை விரலிலிருந்து வெள்ளி மோதிரத்தைச் சிரமப்பட்டுத் திருகிக் கழற்றினார். கறுத்த கம்பிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே நிறம். மோதிரத்தின் உள்பக்கம், விரலோடு ஒட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளை.

"இத மாசா மாசம் சாம்பல் போட்டுத் தேய்க்கிறேன்" என்றார். பிறகு பாயிடம், "மேல போட்டுடுங்க."

சாயந்தரத்துக்குள் மேஜை மாடிக்குப் போயிற்று. மதர்போர்டு ஒன்றும் கேபிளும் புதுசு. டிஸ்க் அதே மூன்றாவது டிஸ்க். இரண்டாவதுக்கு ரப்பர் போட்டு பேக்கப்புக்கு வைத்தேன். சிஸ்டத்தோடு கணக்குப் பெண்ணும் மாடிக்குப் போனாள். கீழே டிரம் பக்கம் நிற்கிறவர்களுக்கு மாடி இல்லை. அவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள், நானும் அவர்களைத் தாண்டித்தான் பில் புத்தகத்தோடு வெளியே வந்தேன். பில்லில் மூன்றாவது டிஸ்க்குக்குக் காசு போடவில்லை. பாய் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அந்த டிஸ்க் ஆறு வருஷம் ஓடியது. ஜிஎஸ்டி வந்து டேலி கனத்தபோதுதான் எஸ்எஸ்டிக்கு மாற்றினோம். எஸ்எஸ்டியில் சுற்றுவது எதுவும் இல்லை, தலை இல்லை, மோட்டார் இல்லை. மாட்டுகிற இடத்தில் பட்டை மட்டும் அதே பட்டைதான். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதல் நாள் ரப்பரைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு துண்டு செம்புக் கம்பியைக் கொடுக்கிறேன். டேனரி, ஷூ கம்பெனி, உப்பு மண்டி, எங்கே டிஸ்க் மாற்றினாலும் பக்கத்தில் ஒரு கம்பி. போய் ஒரு மாதத்தில் பார்த்துவிட்டு வா என்பேன். பையன்கள் இதை மந்திரிக்கிறது என்கிறார்கள்.

போன ஐப்பசியில் ஒரு காலை, கடையைத் திறக்கும்போதே டேனரியின் அந்தக் கொலுசுப் பெண் கூப்பிட்டாள். இப்போது அவள்தான் அங்கே கணக்கு மேனேஜர்.

"அண்ணா, கம்பி கறுத்துடுச்சு."

"சிஸ்டம் என்ன ஆச்சும்மா?"

"சிஸ்டம் ஓடிக்கினுதான் கீது. ஏசி ரிப்பேரு, நாலு நாளா ஜன்னலத் தொறந்து வச்சிருக்கோம். அதான் சொல்லலாம்னு."

ஜன்னலை மூடச் சொல்லிவிட்டு, ரப்பரையும் பிரஷ்ஷையும் வண்டிப் பெட்டியில் போட்டேன்.